வேலைச் செலவை டாக்ஸ்ல கழிக்கிறது: ஏஜென்ட் "எல்லாம் நான் பாத்துக்கறேன்"ங்கறார், நம்பலாமா?

5 ஜூலை 2025, சனி, மாலை 6:10
கேள்வி

அண்ணா, மெல்போர்ன்ல மாஸ்டர்ஸ் படிக்கறேன். வேர்ஹவுஸ்ல பார்ட் டைம், ஞாயித்துக்கிழமை பெட்ரோல் பங்க்ல கவுண்டர், ரெண்டும் சேத்து வருஷத்துக்கு 40,000 கிட்ட. என் ரூம்மேட்டுக்கு போன வருஷம் 4,000 டாலர் ரீஃபண்ட் வந்துச்சாம். அவன் போற ஏஜென்ட்கிட்ட நானும் போனேன், "கார் இருக்கா, யூனிஃபார்ம் இருக்கா, போதும், மீதிய நான் பாத்துக்கறேன்"னு சொல்றார். ரீஃபண்ட்ல 15 பர்சன்ட் அவருக்கு. போடலாமா?

5 ஜூலை 2025, ராத்திரி 10:45

வேணாம் தம்பி. காலையில விரிவா எழுதறேன், இப்ப தூக்கம் சொக்குது. அதுவரைக்கும் அவர்கிட்ட மைகவ் (அரசு சேவைக்கான ஆன்லைன் கணக்கு) பாஸ்வேர்டு மட்டும் குடுத்துடாதீங்க.

6 ஜூலை 2025, ஞாயிறு, காலை 8:20

சரி, காபி குடிச்சாச்சு. (அந்த காபிப்பொடி கழிக்க முடியாது, ஆபீஸ் வேலை பாத்துக்கிட்டே குடிச்சாலும். ஏடிஓ, அதாவது ஆஸ்திரேலிய வரித்துறை, அதைத் தனியாவே சொல்லியிருக்கு.)

டிடக்ஷனுக்கு தமிழ்ல "கழிவு"ன்னு எழுதினா சாக்கடை ஞாபகம் வருது, அதனால டிடக்ஷன்னே எழுதறேன். மூணே விஷயம்தான். காசு உங்க கையிலிருந்து போயிருக்கணும், கம்பெனி திருப்பிக் குடுத்திருக்கக் கூடாது. அந்தச் செலவுக்கும் நீங்க சம்பாதிக்கற வேலைக்கும் நேரடித் தொடர்பு இருக்கணும். மூணாவது, ஆதாரம். முதல் ரெண்டும் எல்லாருக்கும் தெரியும், வாயால சொல்லிடலாம், மாட்டறது எல்லாரும் மூணாவதுலதான்.

இதை எப்படி இவ்வளவு உறுதியா சொல்றேன்னா நான் மாட்டினவன். 2019-20 ரிட்டர்ன். நான் டாக்லாண்ட்ஸ்ல ஐடி வேலை, அப்ப சம்பளம் 82,000. உங்க ஏஜென்ட் மாதிரியே ஒருத்தர், நண்பரோட நண்பர், வீட்டு கராஜ்ல மேசை போட்டு உக்காந்திருப்பார். வேலை என்னன்னு ஒரு கேள்வி, கார் இருக்கான்னு ஒரு கேள்வி, பத்து நிமிஷத்துல முடிச்சுட்டார். நானும் நம்ம ஊர் ஆளாச்சேன்னு என்ன போட்டார்னு கூட பாக்கல. அப்புறம் 2021 மார்ச்ல ஏடிஓ லெட்டர் வந்தப்பதான் உக்காந்து படிச்சேன்: கார் 5,000 கிலோமீட்டர், அப்ப கிலோமீட்டருக்கு 68 சென்ட், ஆக 3,400. லாண்டரி 150. "இதர செலவு" 300. மொத்தம் 3,850. எனக்கு யூனிஃபார்மே கிடையாது! ஜீன்ஸ் போட்டுட்டு போறவனுக்கு லாண்டரி 150 டாலர்.

லெட்டர் வந்ததும் அவருக்கு அடிச்சேன், எடுக்கல. மறுநாள் எடுத்தார், "சார், சைன் நீங்கதானே பண்ணீங்க"ன்னார். அது உண்மை, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

6 ஜூலை 2025, மதியம் 1:05

விட்ட இடத்துலேர்ந்து. லெட்டர்ல கேட்டது ரொம்ப சாதாரணமான கேள்வி, இந்த 5,000 கிலோமீட்டர் எப்படிக் கணக்கு போட்டீங்க? அவ்வளவுதான். சென்ட்-பர்-கிலோமீட்டர் முறையில பெட்ரோல் பில் வேண்டாம், லாக்புக் வேண்டாம், ஆனா கணக்கு எப்படி வந்துச்சுன்னு காட்டத் தெரியணும். நான் அவுட்லுக் காலண்டரைத் தோண்டினேன். ஆபீஸ்லேர்ந்து கிளையன்ட் இடத்துக்குப் போய் வந்தது 23 தடவை, போக வர 18 கிலோமீட்டர், 414 கிலோமீட்டர். 281 டாலர் சொச்சம். அதை ஏத்துக்கிட்டாங்க. மீதி எல்லாம் அவுட். திருப்பிக் கட்டினது 1,231, அதுக்கு மேல கால்வாசி, 307, அபராதம், வட்டி தனி. கவனக்குறைவுன்னு முடிவு பண்ணினா 25 சதம், கண்ணை மூடிக்கிட்டு போட்டதுன்னா 50, தெரிஞ்சே பண்ணினதுன்னா 75. எனக்கு 25ல விட்டாங்க.

இதுல பாருங்க, 5,000, 150, 300. மூணும் உச்சவரம்பு. 5,000 கிலோமீட்டருக்கு மேல அந்த முறையில போட முடியாது, 150 வரைக்கும் லாண்டரிக்கு எழுத்து ஆதாரம் தேவையில்ல, 300 வரைக்கும் மத்த வேலைச் செலவுக்கு ரசீது தேவையில்ல. இந்த மூணு நம்பரும் ஒரே ரிட்டர்ன்ல நின்னா, பரீட்சையில பத்து பேர் ஒரே தப்பை எழுதின மாதிரி வாத்தியாருக்குத் தெரியாதா? 2018லயே ஏடிஓ வெளிய சொல்லிச்சு, துணி-லாண்டரி கிளெய்ம்ல கிட்டத்தட்ட கால்வாசி சரியா 150ன்னு.

13 ஜூலை 2025, ஞாயிறு

ரெண்டு மூணு பேர் வீட்டிலேர்ந்து வேலை பாக்கறதுக்கு எப்படின்னு கேட்டீங்க. 2024-25க்கு மணிக்கு 70 சென்ட். கரண்ட், கேஸ், இன்டர்நெட், போன், பேப்பர்-பேனா, பிரின்டர் மை எல்லாம் அதுக்குள்ளயே அடக்கம், அதனால போன் பில்லைத் தனியா போடக்கூடாது, இதுல நிறைய பேர் ரெண்டு தடவை எடுத்துடறாங்க. நாலு வாரத்துக்கு டைரி எழுதி வெச்சு அதை வருஷத்துக்கும் பெருக்கிக்கலாம். நான் வாரம் மூணு நாள் வீடு, 46 வாரம், நாளைக்கு 7.6 மணி, 734 டாலர் வருது.

14 ஜூலை 2025, திங்கள், ராத்திரி

மேல எழுதினதுல ஒண்ணு தப்பு. சிட்னி அக்கா ஒருத்தர் திருத்தினாங்க, நன்றி அக்கா. நாலு வாரம் டைரி எழுதி பெருக்கறது இந்த 70 சென்ட் முறைக்குப் பழைய கதை. 2023 மார்ச் 1லேர்ந்து முழு வருஷத்துக்கும் நிஜமா எத்தனை மணி நேரம்னு பதிவு இருக்கணும். டைம்ஷீட், ரோஸ்டர், காலண்டர், எக்செல், எதுல வேணா இருக்கலாம், ஆனா அப்பப்ப எழுதினதா இருக்கணும். அதோட கரண்ட், இன்டர்நெட்னு ஒவ்வொண்ணுக்கும் குறைஞ்சது ஒரு பில்லாவது கையில வேணும். நாலு வாரம்ங்கறது நிஜச் செலவைத் தனித்தனியா போடற முறையில இன்னும் இருக்கு, அதான் எனக்கு குழம்பிருச்சு.

அடுத்தவனுக்கு புத்தி சொல்ல வந்தவன் நானே தப்பா போட இருந்தேன். மறுபடியும் கணக்கு பாத்தேன். பொங்கலுக்கு எடுத்த லீவு, புள்ளைக்கு காய்ச்சல்னு போன நாள், ரிலீஸ் வாரத்துல அஞ்சு நாளும் ஆபீஸ் போனது, எல்லாம் கழிச்சா 127 நாள்தான் வீடு. நாளைக்கு ஏழரை மணி. 952.5 மணி, 666 டாலர் 75 சென்ட். முந்தின கணக்குக்கும் இதுக்கும் 67 டாலர் வித்தியாசம். என் வருமான வரம்புக்கு வரி, மெடிகேர் லெவியோட (அரசு மருத்துவத்துக்காகப் பிடிக்கறது) சேத்து 32 சதம், ஆக கையில கிடைக்கற வித்தியாசம் 21 டாலர் 57 சென்ட். ரெண்டு பிரியாணி கூட வராது. இதுக்காகத்தான் நம்ம ஆளுங்க ராத்திரி முழுக்க ரசீதை ஜோடிக்கறாங்க.

19 ஜூலை 2025, சனி

"ஆயிரம் டாலர் கழிச்சா ஆயிரம் டாலர் வரும்னு நெனச்சேன்"னு ஒருத்தர். அப்படி இல்லைங்க. டிடக்ஷன் வருமானத்தைக் குறைக்கும், வரியை இல்ல. அந்த ஆயிரத்துக்கு உங்க வரம்பு என்னவோ அந்த சதம்தான் மிச்சம். நாப்பதாயிரம் சம்பாதிக்கற தம்பிக்கும் லட்சத்துக்கு மேல வாங்கறவருக்கும் அது ஒண்ணாகாது.

அப்புறம் 300 பத்தி. 310 டாலர் போட்டா 10 டாலருக்கு மட்டும் ரசீது காட்டினா போதும்னு ஒரு நம்பிக்கை ஊர் பூரா இருக்கு. இல்ல, தாண்டிட்டா முழு 310க்கும் வேணும். 300க்குள்ள இருந்தாலும் செலவே பண்ணாம போடக்கூடாது. ரசீதைத்தான் விட்டுக் குடுக்கறாங்க, செலவை இல்ல.

26 ஜூலை 2025, சனி, மதியம்

வீட்டம்மா நர்ஸ். ஆஸ்பத்திரி ஒண்ணு, அங்கேர்ந்து நேரா ஒரு ஏஜ்டு கேர் ஹோம்ல ரெண்டாவது ஷிஃப்ட், வாரத்துக்கு ரெண்டு நாள். ஒரு வேலையிலேர்ந்து இன்னொரு வேலைக்கு நேரா போனா அது கழிக்கலாம். 11 கிலோமீட்டர். நான் ரொம்ப புத்திசாலியா போக வர 22ன்னு போட்டு, 88 நாள், கணக்கு எழுதிட்டிருக்கேன், பின்னாடி நின்னு பாத்துட்டு "திரும்பி ஆஸ்பத்திரிக்கா போறேன்? வீட்டுக்குதானே வர்றேன், உங்களுக்கு சமைச்சுப் போட"ன்னாங்க. நியாயம். வீட்டுக்கு வர்றது சொந்தப் பயணம். 88 தடவை 11, 968 கிலோமீட்டர், 88 சென்ட், 851 டாலர் 84 சென்ட். ரெண்டு இடத்து ரோஸ்டரும் இருக்கு, யார் கேட்டாலும் தேதி பொருந்தும்.

வீட்டுக்கும் வேலைக்கும் நடுவுல போறது கழிக்க முடியாது, இதுல சண்டை போடாதீங்க. நைட் ஷிஃப்ட், அந்த நேரத்துல ரயில் இல்லன்னாலும் கிடையாது. ஊர் தள்ளி டார்னீட்ல வீடு வாங்கினது நம்ம முடிவு. கனமான கருவிகளை வேலைக்காக கட்டாயம் தூக்கிட்டுப் போகணும், வேலையிடத்துல பூட்டி வைக்க பாதுகாப்பா இடம் இல்ல, அந்த மாதிரி இருந்தாதான் விலக்கு. லேப்டாப் பை கனமில்ல. என் நண்பர் ஒருத்தர் அது கனம்தான்னு அடிச்சு சொல்வார், அவருக்கு முதுகுவலி.

26 ஜூலை 2025, மாலை

வீட்டம்மா லிஸ்ட் முழுசா போடச் சொன்னாங்க, மத்த நர்ஸ் அக்காங்களுக்கும் உதவும்னு. ஆப்ரா (நர்ஸ் பதிவு அமைப்பு) வருஷாந்திர ரினியூவல், கழிக்கலாம். யூனியன் சந்தா, கழிக்கலாம். லோகோ போட்ட கட்டாய யூனிஃபார்ம், வழுக்காத ஷூ, சட்டையில குத்தற அந்த நர்ஸ் வாட்ச், சரி. சாதா கைக்கடிகாரம் கிடையாது. ஃப்ளூ ஊசி, ஆஸ்பத்திரியே கட்டாயம்னு சொன்னாலும் கிடையாது. இந்தியாவிலேர்ந்து வந்து இங்க நர்ஸா பதிவு பண்றதுக்கு முதல்ல செலவழிச்சீங்களே, பரீட்சை, முதல் பதிவு, அது கிடையாது, ஏன்னா அது வேலை கிடைக்கறதுக்கு முன்னாடி ஆன செலவு. எங்க வீட்ல அது பெரிய தொகை, இன்னிக்கும் அதை நெனச்சா வயிறு எரியும்.

லாண்டரி, யூனிஃபார்ம் மட்டும் தனியா போட்டா ஒரு லோடுக்கு ஒரு டாலர், மத்த துணியோட கலந்தா 50 சென்ட். எங்களுக்கு வாரம் ரெண்டு லோடு, 46 வாரம், 92 டாலர். ஆமா, 150 இல்ல.

27 ஜூலை 2025

கறுப்பு பேண்ட் வெள்ளை சட்டை கேட்ட ரெஸ்டாரண்ட் தம்பிகளுக்கு: முதலாளி கறுப்புதான் போடணும்னு சட்டம் போட்டாலும் அது சாதாரண உடை, முடியாது. சமையல்காரரோட கட்டம் போட்ட பேண்ட்னா சரி, அதைப் போட்டுட்டு யாரும் கல்யாணத்துக்குப் போகமாட்டாங்க.

இந்த ஜூன்ல ஏடிஓ வெளியிட்ட வேடிக்கை லிஸ்ட் பாத்தீங்களா? ஒரு மெக்கானிக் ஏர் ஃப்ரையர், மைக்ரோவேவ், ரெண்டு வேக்கூம் கிளீனர், டிவி, கேமிங் கன்சோல் எல்லாம் வேலைச் செலவுன்னு போட்டிருக்கார். ஒரு லாரி டிரைவர், போற வழியில வெயிலா இருந்துச்சு, நீச்சல் அடிக்கணும்னு நீச்சல் உடை. ஏர் ஃப்ரையர்காரரை எனக்குப் பிடிச்சிருக்கு, குடும்பத்தையே கராஜுக்கு மாத்திட்டார் போல.

2 ஆகஸ்ட் 2025, சனி

சிட்னி அக்கா: "தம்பி, ரசீது எல்லாம் மை அழிஞ்சு வெள்ளைப் பேப்பராக் கிடக்கு, இனி என்ன செய்யிறது?"

அக்கா, அந்த வழவழ பேப்பர் ஒரு வெயில் காலம் தாங்காது, கார்ல வெச்சா ஒரு வாரம் தாங்காது. வாங்கின அன்னிக்கே போட்டோ எடுத்துடணும், போட்டோ செல்லும், ஏடிஓ ஆப்லயே மைடிடக்ஷன்ஸ்னு ஒரு இடம் இருக்கு அதுல ஏத்திடலாம். ரிட்டர்ன் போட்ட தேதியிலேர்ந்து அஞ்சு வருஷம் வெச்சிருக்கணும். பேங்க் ஸ்டேட்மென்ட் மட்டும் போதாது, அதுல கடை பேரும் தொகையும் இருக்கும், என்ன வாங்கினீங்கன்னு இருக்காது. ஹார்டுவேர் கடையில 80 டாலர்னா அது கையுறையா கறிவேப்பிலைத் தொட்டியான்னு யாருக்குத் தெரியும். இப்ப கடைக்காரங்ககிட்ட கேளுங்க, நிறைய கடையில கார்டு நம்பரை வெச்சு பழைய பில்லை எடுத்துத் தருவாங்க.

3 ஆகஸ்ட் 2025

லேப்டாப் கேட்டவருக்கு. 300 டாலருக்கு மேல போனா ஒரே வருஷத்துல முழுசா எடுக்க முடியாது, தேய்மானம். என்னோடது ஜனவரி 1 அன்னிக்கு வாங்கினது 1,460 டாலர். லேப்டாப்புக்கு ரெண்டு வருஷ ஆயுள்னு கணக்கு, ஆக வருஷத்துக்கு 730. வரி வருஷம் முடியற ஜூன் 30 வரைக்கும் 181 நாள், 362 டாலர். வேலைக்கு 70 சதம்தான், மீதி என் பையன் மைன்கிராஃப்ட். 253 டாலர் 40 சென்ட். 70ன்னு எப்படி சொல்றேன்னா நாலு வாரம் எழுதிப் பாத்தேன். 100 சதம்னு போட்டா கேள்வி வரும், வரணும்.

9 ஆகஸ்ட் 2025, சனி

ஒருத்தர் தனியா எழுதிக் கேட்டார், போன வருஷம் அந்த மாதிரி ஏஜென்ட் மூலமா போட்டுட்டேன், இப்ப பயமா இருக்கு, என்ன பண்ணன்னு. இங்கயே பொதுவா சொல்றேன். நீங்களே மைடாக்ஸ்ல (ஏடிஓவோட ஆன்லைன் ரிட்டர்ன்) போய் திருத்தலாம், அசெஸ்மென்ட் வந்ததிலேர்ந்து ரெண்டு வருஷம் டைம். ஏடிஓ லெட்டர் போடறதுக்கு முன்னாடி நீங்களா போய் சொன்னா, குறைவாக் கட்டின வரி 1,000 டாலருக்குக் கீழன்னா பொதுவா அபராதம் கிடையாது, அதுக்கு மேலன்னா அபராதத்துல 80 சதம் தள்ளுபடி. வட்டி மட்டும் வரும். நான் இதைத் தெரியாம லெட்டர் வர்ற வரைக்கும் உக்காந்திருந்தேன், அந்த 307ல பெரும்பகுதி அதுக்கான காசு.

ஏஜென்ட் வேணாம்னு சொல்லல. நல்ல ஏஜென்ட் இருக்காங்க, அவங்க ஃபீஸையே அடுத்த வருஷம் கழிச்சுக்கலாம். டாக்ஸ் பிராக்டிஷனர்ஸ் போர்டு ரிஜிஸ்டர்ல பேர் இருக்கான்னு ரெண்டு நிமிஷத்துல தேடலாம். நான் அன்னிக்கு தேடல. ரீஃபண்ட்ல பர்சன்ட் கேக்கறவர்கிட்ட கொஞ்சம் யோசிங்க, உங்க கிளெய்ம் ஊதினா அவருக்கு லாபம், லெட்டர் வந்தா அது உங்க வீட்டு விலாசம்.

10 ஆகஸ்ட் 2025

தம்பி, உங்களை மறந்தே போயிட்டேன், உங்க கேள்விதானே இது. ரூம்மேட்டுக்கு 4,000 வந்துச்சுன்னா அவனுக்குப் பிடிச்ச வரி அதுக்கு மேல இருந்திருக்கணும். சம்பளக்காரனுக்கு பிடிச்சதைத் தாண்டி ஏடிஓ எங்கேர்ந்து தரும்? உங்களுக்கு ரெண்டு வேலை. ரெண்டு இடத்துலயும் டிஎஃப்என் (வரி எண்) ஃபார்ம் குடுத்தப்ப வரியில்லா வரம்பு வேணுமான்னு ஒரு கட்டம் இருந்திருக்கும், ரெண்டுலயும் "ஆமா"ன்னு டிக் பண்ணீங்களா? பாத்து சொல்லுங்க. வரியில்லாத அந்த 18,200 டாலர் ஆளுக்கு ஒரு தடவைதான், வேலைக்கு ஒரு தடவை இல்ல.

இன்னொண்ணு, மெடிகேர் லெவி. ஸ்டூடன்ட் விசாவுல இந்தியாவிலேர்ந்து வந்தவங்களுக்கு மெடிகேர் கிடையாது, ஆனா 2 சதம் பிடிக்கறாங்க. சர்வீசஸ் ஆஸ்திரேலியாகிட்ட மெடிகேர் என்டைட்டில்மென்ட் ஸ்டேட்மென்ட்னு (மெடிகேர் தகுதி இல்லங்கற சான்று) விண்ணப்பிச்சு வாங்கினா அந்த லெவி வராது. ஒவ்வொரு வருஷத்துக்கும் தனியா வாங்கணும், கொஞ்ச நாள் ஆகும், இப்பவே போடுங்க. உங்க ரெண்டு வேலையும் சேத்து 40,000 கிட்டன்னு சொன்னீங்க, அப்ப 800 டாலர்.

16 ஆகஸ்ட் 2025

"ரெண்டுலயும் டிக் பண்ணிட்டேன் அண்ணா"ன்னு பதில். அதான் பாத்தேன், ரெண்டு இடத்துலயும் வரி குறைவாப் பிடிச்சிருக்காங்க. மைடாக்ஸ்ல எல்லாத்தையும் ஏத்திப் பாத்தா, ரீஃபண்ட் இல்ல, கட்ட வேண்டியது 1,987ன்னு காட்டுதாம். பையன் பயந்துட்டான். இன்னும் சமர்ப்பிக்காதீங்க தம்பி, ஸ்டேட்மென்ட் வரட்டும், அக்டோபர் 31 வரைக்கும் டைம் இருக்கு. பெட்ரோல் பங்க்ல இன்னிக்கே போய் அந்த ஃபார்மை மாத்திக் குடுங்க, இல்லன்னா அடுத்த வருஷமும் இதே கதை.

23 ஆகஸ்ட் 2025

தம்பியோட செலவு லிஸ்ட்: ஸ்டீல் முனை பூட்ஸ் 129, ஹை-விஸ் (தூரத்துலேர்ந்தே தெரியற பளிச் நிற) ஜாக்கெட் 45, கையுறை 24, ஹை-விஸ் துவைச்சது 48 லோடு, 48 டாலர். மொத்தம் 246. எல்லாம் சரியான கிளெய்ம், 300க்குள்ள. ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் எடுத்தது வேலை கிடைக்கறதுக்கு முன்னாடி, அது வராது. ரினியூ பண்றப்ப வரும். மாஸ்டர்ஸ் ஃபீஸ் போடலாமான்னு கேட்டான். டேட்டா சயின்ஸ் படிப்புக்கும் பெட்டி அடுக்கறதுக்கும் என்ன தொடர்புன்னு அவனே சொல்லட்டும். இப்ப பாக்கற வேலைக்கு உதவற படிப்புதான் கணக்குல வரும், நாளைக்கு கிடைக்கப்போற வேலைக்கு இல்ல.

20 அக்டோபர் 2025, திங்கள்

தீபாவளி வாழ்த்துக்கள். கோயில் உண்டியல்ல போட்டதைக் கழிக்கலாமான்னு ஒருத்தர் கேட்டிருக்கார், இது வேலைச் செலவே இல்ல, இருந்தாலும்: டிஜிஆர் (நன்கொடையை வரியில கழிக்க) அங்கீகாரம் இருக்கற அமைப்புக்குக் குடுத்தா மட்டும்தான். ஏபிஎன் (பிசினஸ் எண்) லுக்அப் தளத்துல பேரைப் போட்டா தெரிஞ்சிடும். இல்லன்னா புண்ணியம் மட்டும்.

ஊபர் ஓட்டற அண்ணனுக்கு: உங்களோடது ஏபிஎன், பிசினஸ், முதல் ட்ரிப்லேர்ந்தே ஜிஎஸ்டி. இந்த இழையில நான் சொன்ன 5,000, 300 எல்லாத்தையும் அப்படியே எடுத்துக்காதீங்க, தனியா கேளுங்க.

1 நவம்பர் 2025, சனி

தம்பி 29ஆம் தேதி போட்டுட்டானாம். ஸ்டேட்மென்ட் வந்துச்சு, லெவி 800 போச்சு. பூட்ஸ், ஜாக்கெட் எல்லாம் சேந்து மிச்சம் பண்ணினது 52 டாலர் கிட்ட. கட்ட வேண்டியது 1,135. 4,000 வரும்னு வந்த பையன் ஆயிரத்துச் சொச்சம் கட்டறான், என்னைத் திட்டாம நன்றின்னு வேற எழுதியிருக்கான். நவம்பர் 21க்குள்ள கட்டணும், ஒரே தடவையில முடியலன்னா ஏடிஓ பேமென்ட் பிளான் போட்டுத் தரும், ஆன்லைன்லயே போடலாம்.

ரூம்மேட்டுக்கும் சொல்லியிருக்கானாம். அவன் கார்ல 5,000 கிலோமீட்டர் போட்டிருந்ததாம் போன வருஷம். கார் வாங்கினதே இந்த பிப்ரவரியிலதானாம்.

2 நவம்பர் 2025

ரூம்மேட் தம்பி, படிக்கறீங்கன்னா ஆகஸ்ட் 9 எழுதினதைப் பாருங்க. இன்னும் லெட்டர் வரலைல்ல?